மயிலையும் செவலையும்

3 பிப்ரவரி 2009, செவ்வாய்

பம்ப் செட் கம்பெனியில் முப்பது வருஷம் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் நின்றதற்கு இன்று மேடையேற்றி ஒரு கேமரா கொடுத்தார்கள். வெள்ளி நிறம். பத்து நாள் தேய்த்துக் குளித்த சோப்புக்கட்டி அளவுதான் இருக்கிறது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் சேர்ந்து தட்டிவிட்டேன். பிறகுதான், தட்டுவதே எனக்குத்தான் என்று உறைத்தது.

கூத்து என்னவென்றால், போன சனிக்கிழமை மகள் யமுனா பெங்களூரிலிருந்து வந்தபோது இதே மாதிரி ஒன்றைச் சிவப்பில் வாங்கி வந்து, "அப்பாவுக்கு" என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கல்யாணமாகி இருபத்தேழு வருஷமாகக் கேமராவே இல்லாமல் ஓடிய வீட்டில் மூன்றே நாளில் ரெண்டு கேமரா.

என் வீட்டுக்காரி கோகிலாமணி ரெண்டையும் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "ஏனுங்க, நமக்கு ரெண்டு எதுக்கு? ஒன்னை வெச்சுக்கிட்டு ஒன்னைப் புள்ளைக்கே குடுத்துருங்க" என்றாள்.

எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது? டெஸ்ட் பண்ணாமல் ஒரு வாஷரைக்கூட நான் வெளியே விட்டவனில்லை. வெர்னியர் அளவுகோலை எடுத்து அளந்தேன். வெள்ளியின் தடிமன் 18.4 மி.மீ. சிவப்பு 19.9. கோகிலா காங்கயத்துப் பக்கத்துக்காரி, மாடு கன்றோடு வளர்ந்தவள். வெளுத்த சாம்பலில் இருக்கும் மாட்டை மயிலை என்பார்கள், சிவந்த மாட்டைச் செவலை என்பார்கள். அவள் அதையே ரெண்டு கேமராவுக்கும் வைத்துவிட்டாள். சரி, ரிப்போர்ட்டில் எழுதச் சுருக்கமாக இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

சாயங்காலம் கோகிலாவின் ரிப்போர்ட் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதை நாளைக்கு எழுதுகிறேன்.

4 பிப்ரவரி, புதன்

கம்பெனித் தராசில் போட்டுப் பார்த்தேன். மயிலை 139 கிராம், செவலை 146. பேட்டரி உட்பட. சட்டைப் பையில் போட்டால் எதுவும் பையை இழுக்கவில்லை. பட்டனை அமுக்கிப் படம் எடுக்கத் தயாராவதற்கு மயிலைக்கு 3.1 செகண்ட், செவலைக்கு 1.6. செவலையில் பட்டன்கள் பெரியவை, என் கட்டைவிரலுக்குத் தோது. மயிலையில் திரை பெரியது. சிரித்தால் தானாகவே படம் எடுக்கிற வசதி ஒன்றும் அதில் இருக்கிறதாம்.

கோகிலாவுக்கு இடது காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. எட்டு மாதமாக இருக்கிறது. வலிக்காததால் என்னிடம் சொல்லவில்லை, மகராசி. ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் கெட்ட கட்டி மாதிரி தெரியவில்லை, ஆனால் எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். தாளில் ஒரு முகம் வரைந்து காட்டினார். முகத்தை அசைக்கிற நரம்பு அந்தக் கட்டி இருக்கிற இடத்தின் வழியாகத்தான் ஐந்து கிளையாகப் பிரிந்து போகிறதாம். "நரம்பைக் காப்பாத்தத்தான் பார்ப்போம். இருந்தாலும் அந்தப் பக்கம் கண்ணு, வாய் அசையாமப் போக வாய்ப்பு இருக்கு. சிலருக்குச் சில மாசத்துல திரும்பிரும். சிலருக்கு முழுசாத் திரும்பாது" என்றார். கோகிலா தலையை ஆட்டினாள். அப்புறம், "சாப்பிட முடியுமில்லீங்களா டாக்டர்?" என்று மட்டும் கேட்டாள்.

27-ம் தேதி ஆபரேஷன்.

கேமரா டெஸ்டுக்கு வருகிறேன். பழைய படங்கள் எப்படி இருக்கின்றன என்று ஒப்பிடலாமென்று ஆல்பங்களை எடுத்தேன். கல்யாணம், சீமந்தம், யமுனா காதுகுத்து, புதுவீடு, யமுனா கல்யாணம். நூற்றுப் பதினெட்டுப் படத்தில் கோகிலா இருக்கிறாள். ஒன்றில்கூடச் சிரிக்கவில்லை. எல்லாவற்றிலும் உதட்டை இறுக்கி, ரேஷன் கார்டுக்கு நிற்பவள் மாதிரி நிற்கிறாள். நேரில் இவள் சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். மேல் வரிசையில் ஒரு தெத்துப்பல் உண்டு, சிரித்தால் அதுதான் முதலில் வெளியே வரும்.

கல்யாணத்துக்குப் படமெடுத்த ஸ்டூடியோக்காரன்தான் பல்லைப் பார்த்து "வாயை மூடிக்கம்மா" என்று சொல்லிப் பயமுறுத்தியிருப்பான். அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்களுக்கு அந்த வாய் உண்டு.

இன்னும் இருபத்து மூன்று நாள் இருக்கிறது. ரெண்டு கேமரா இருக்கிறது. ஒரு படம் எடுக்க இது தாராளம்.

7 பிப்ரவரி, சனி

வீட்டுக்குள் வெளிச்சம் குறைந்த இடத்தில் டெஸ்ட். இடம், சமையலறை. அவள் கிரைண்டரில் உளுந்து போட்டுக்கொண்டிருந்தாள். மயிலையில் அந்தச் சிரிப்பு வசதியைப் போட்டு ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல வெங்காயம் உரித்தேன்.

கிளிக். கிளிக். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எடுத்துப் பார்த்தால் பதினான்கு படம். பதினான்கிலும் மளிகைக்கடை காலண்டரில் சிரிக்கிற குழந்தை. அவள் முதுகு ஓரமாகத் தெரிகிறது.

"இதுக்குப் பாலுங்குடுத்து வளக்கோணுமாட்டத் தெரியுது" என்று அவள் சிரித்தாள் பாருங்கள், நல்ல சிரிப்பு, தெத்துப்பல்லோடு. மயிலை அந்த நேரம் பார்த்து என் கையில் பதினான்காவது குழந்தையைக் காட்டிக்கொண்டிருந்தது. செவலையை எடுத்து நீட்டினேன். நீட்டினேனோ இல்லையோ, மாவுக் கையின் பின்புறம் வாய்க்குப் போய்விட்டது. கண் மட்டும்தான் படத்தில் இருக்கிறது.

மயிலை: ஹோல்டு, அதாவது முடிவு தள்ளிவைப்பு. செவலை: ஹோல்டு. காலண்டரைக் கழற்றி உள்ளறையில் மாட்டினேன்.

8 பிப்ரவரி, ஞாயிறு

ரெண்டுக்கும் சார்ஜ் போட்டேன். காலையில் அவள் கண்ணாடி முன்னால் நின்று இடது கன்னத்தை மட்டும் உப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சீப்பை எடுத்துத் தலை சீவ ஆரம்பித்தாள்.

15 பிப்ரவரி, ஞாயிறு

வெயிலில் டெஸ்ட். மருதமலைக்குப் போனோம். வேண்டுதலுக்கு என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதுவும்தான்.

உச்சி வெயிலில் மயிலையின் பெரிய திரை வெறும் கண்ணாடியாகிவிடுகிறது. என் மூஞ்சிதான் தெரிகிறது. செவலையில் ஓரளவு உருவம் தெரிகிறது. படிக்கட்டில் அவளை முன்னால் ஏறச் சொல்லி, நான் பின்னால் நின்று கூப்பிட்டேன். திரும்பினாள், கேமராவைப் பார்த்தாள், ரேஷன் கார்டு. மறுபடியும் கூப்பிட்டேன். மறுபடியும் ரேஷன் கார்டு. ஆறு தடவை. வெயிலில் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "ஏம்புள்ள, மலைக்கு வந்தவளா, சாட்சி சொல்ல வந்தவளா?" என்றேன். "நீங்கதானுங்க போலீஸாட்டம் பின்னாடியே வாரீங்க" என்றாள்.

மண்டபத்தில் உட்கார்ந்து பிரசாதப் பையைப் பிரித்தேன். ஒரு குரங்கு வந்தது. பழத்தை எடுக்கும் என்று நான் பழத்தை இறுக்கிப் பிடித்தேன். அது நிதானமாக மயிலையின் உறையைத் தூக்கிக்கொண்டு தூணில் ஏறி உட்கார்ந்து, ஜிப்பைத் திறந்து மூடித் திறந்து பார்த்தது. நல்ல வேளை, கேமரா என் பையில் இருந்தது. நான் கீழே நின்று "குடு, குடுத்துரு, கம்பெனில குடுத்தது" என்று கெஞ்சியிருக்கிறேன். குரங்கிடம் கம்பெனி விவரம்.

கோகிலா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தூணில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். செவலை என் கையிலேயே இருந்தது. திறந்து, நீட்டி, அமுக்கிவிட்டேன். நான்கு செகண்டுக்குள் எல்லாம்.

வீட்டில் வந்து பார்த்தால் படத்தில் முக்கால்வாசி என் ஆள்காட்டி விரல். மீதிக் கால்வாசியில் அவள் சேலை முந்தானையும் ஒரு தூணும்.

ரிஜெக்ட். கேமரா அல்ல, ஆபரேட்டர்.

18 பிப்ரவரி, புதன்

இன்று அவள் கேட்டேவிட்டாள். "சந்தையில ஜோடி மாடு வாங்குறவன்கூட இத்தனை நாள் பல்லைப் புடிச்சுப் பார்க்க மாட்டான். அப்படி என்னதானுங்க டெஸ்ட்டு?"

"கலர் பார்க்கறேன்" என்றேன்.

கலரும் பார்க்கத்தான் செய்கிறேன். மயிலை அவளுக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுகிறது. மூக்குத்தி எது, மூக்கு எது என்று தெரியவில்லை. செவலை உள்ளது உள்ளபடி எடுக்கிறது. வீட்டுக்குள் கொஞ்சம் பொரிபொரியாக விழுகிறது, ஆனால் அது கோகிலா.

22 பிப்ரவரி, ஞாயிறு

யமுனா வந்தாள். ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் வரை இருப்பாள். கார்டில் இருந்த இருநூற்றுச் சொச்சம் படங்களையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தவள் என் பக்கம் திரும்பினாள். "அப்பா, இது கேமரா டெஸ்ட்டா? எல்லாத்துலயும் அம்மாதான் இருக்கறாங்க."

"ஒரே பொருளை வெச்சுத்தான் ரெண்டையும் ஒப்பிடணும். அதான் முறை."

"ஒரு போட்டோவுக்குச் சிரின்னு அம்மாகிட்ட நேராக் கேட்டா என்னங்கப்பா?"

கேட்கலாம். கேட்டால், ஏன் என்று கேட்பாள். ஏன் என்று நான் எந்த வாயால் சொல்வது? உன் சிரிப்பு 27-ம் தேதிக்கு அப்புறம் இருக்குமோ இருக்காதோ என்றா? ஒவ்வொரு நாளும் காபி டம்ளரை நீட்டும்போது அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது, இன்னும் ஐந்து நாள், நாலு நாள் என்று எண்ணிக்கொண்டு. இதை இங்கே எழுதுகிறேன், வெளியில் யாரிடமும் சொல்லவில்லை.

கடைசியில் யமுனாவே போய்க் கேட்டாள். சமையலறையிலிருந்து கோகிலா சொன்னது கூடத்துக்குக் கேட்டது. "இத்தனை வருசமா போட்டோவுல சிரிக்காதவ, இப்ப மட்டும் எதுக்கம்மிணி சிரிக்கோணும்? அப்படி என்ன அவசரம் உங்கப்பாவுக்கு?"

எல்லாம் தெரிந்துதான் வைத்திருக்கிறாள்.

24 பிப்ரவரி, செவ்வாய்

பொய் எழுதக்கூடாது என்று இந்த டைரியில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரிக்குத் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்து செவலையின் கண்ணாடியைத் துடைத்தபடி, பேச்சுவாக்கில் சொன்னேன். "அந்த ஸ்டூடியோக்காரன் மட்டும் அன்னைக்கு வாயை வெச்சுட்டுச் சும்மா இருந்திருந்தா, ஆல்பம் பூரா நீ சிரிச்சிருப்பே."

அவள் மடித்துக்கொண்டிருந்த துண்டைக் கீழே வைத்தாள். "எந்த ஸ்டூடியோக்காரரு?"

"நம்ம கல்யாணத்துக்கு எடுத்தவன்தான். பல்லைப் பார்த்து என்னமோ சொல்லிட்டான்ல?"

"அவரு பாவமுங்க. சிரிங்கம்மா, சிரிங்கம்மான்னு கெஞ்சினாரு. எனக்குத்தான் அன்னைக்கு வெக்கம்." பிறகு பீரோவைத் திறந்து, பட்டுச்சேலைகளுக்கு அடியில் கையை விட்டு, ஒரு படத்தை எடுத்து என் மடியில் வைத்தாள்.

ஊட்டி. கல்யாணமான புதிதில் போனது. என் கூட்டாளி ஒருத்தன் கேமரா இரவல் கொடுத்திருந்தான், நான்தான் எடுத்தேன். பூங்காவில் புல்தரையில் ஸ்வெட்டர் போட்டு நிற்கிறாள், இருபது வயசு. வாய் நிறையச் சிரிப்பு. தெத்துப்பல் வெயிலில் மின்னுகிறது. இப்படி ஒரு படம் இருப்பதே எனக்கு நினைவில்லை.

"திருப்பிப் பாருங்க" என்றாள்.

என் கையெழுத்து. அப்போது வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம், ஒவ்வொரு பொருளுக்கும் சீட்டு எழுதி ஒட்டுகிற வெறி உச்சத்தில் இருந்த காலம். கழுவி வந்த படங்களின் பின்னாலும் ஒன்று விடாமல் எழுதியிருப்பேன் போல.

"ஊட்டி, 14-3-82. வெளிச்சம் நன்று. இடது பக்கம் சாய்வு. கோகிலா – பல் தெரிகிறது."

அதற்குக் கீழே ஒரு கோடு வேறு இழுத்திருக்கிறேன். குறை இருக்கிற பொருளுக்கு அப்படித்தான் கோடு இழுப்போம்.

என் பழியை எவனோ ஒருத்தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டூடியோக்காரனே, நீ எங்கிருந்தாலும் என்னை மன்னித்துவிடு.

"அப்பவே சண்டை போட்டிருக்கலாமில்ல?" என்றேன். கேட்ட பிறகுதான் எப்பேர்ப்பட்ட மடத்தனமான கேள்வி என்று தெரிந்தது.

"கல்யாணமாகிப் பத்து நாளுங்க. நீங்க பெரிய இன்ஸ்பெக்டரு. நீங்களே சீட்டு எழுதிட்டா நான் என்ன சொல்றது? அன்னைக்குக் கொஞ்சம் அழுதேன். இனிமே கேமராவக் கண்டா வாயத் தொறக்கக்கூடாதுன்னு வெச்சுக்கிட்டேன். அப்புறம் பழகிருச்சு. கோவமெல்லாம் எப்பவோ போயிருச்சுங்க."

"அப்ப ஏன் ஒளிச்சு வெச்சே?"

"கிழிக்க மனசு வரலைங்க. நல்லா இருந்துச்சு. நான் நல்லா இருந்தேன் அதுல."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஐம்பத்து நாலு வயசு ஆள் அழுதான் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதிவிட்டேன்.

26 பிப்ரவரி, வியாழன்

ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. ஜன்னலோரக் கட்டில், நல்ல வெளிச்சம். செவலையைக் கையில் எடுத்தேன். இந்த முறை நேராகவே கேட்டேன். "கோகிலா, ஒரு தடவை சிரிக்கிறயா? எனக்காக."

யோசித்தாள். "வேண்டாமுங்க" என்றாள். "இப்பச் சிரிச்சா அது கடைசியாச் சிரிக்கிற சிரிப்பாட்ட இருக்கும். அதை நீங்க எடுத்து எடுத்துப் பார்ப்பீங்க. நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன், நீங்க அதைப் பார்த்துட்டு இருப்பீங்க. எனக்கு அது வேண்டாம். போயிட்டு வந்து சிரிக்கறேன். எப்படி வருதோ அப்படி. அதை எடுங்க."

கேமராவை உறையில் போட்டுவிட்டேன்.

27 பிப்ரவரி, வெள்ளி

ஏழரைக்கு உள்ளே கூட்டிப் போனார்கள். கதவு வரை என் விரலைப் பிடித்திருந்தாள்.

மணி பத்து.

பதினொன்றே கால். யமுனா காபி வாங்கி வந்தாள். வேண்டாம் என்றேன், பிறகு குடித்தேன்.

ஒன்று இருபதுக்கு டாக்டரம்மா வந்தார். கட்டியை முழுசாக எடுத்தாயிற்று. நரம்பு அறுபடவில்லை, ஆனால் கட்டியோடு ஒட்டிக் கிடந்ததால் ரொம்பப் பிரிக்க வேண்டியதாகிவிட்டதாம். "பொறுத்துத்தான் பார்க்கணும்" என்றார்.

28 பிப்ரவரி, சனி

இடது பக்கம் அசையவில்லை.

தண்ணீர் கொடுத்தால் அந்த ஓரமாக வழிகிறது. துண்டால் ஒற்றினேன். இடது கண் மூடுவதில்லை, சொட்டு மருந்து விட்டு, தூங்கும்போது பிளாஸ்திரி போட வேண்டும். என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். காதைக் கிட்டக் கொண்டு போனேன். "கேமராவ எங்க வெச்சீங்க, பத்திரமா?" என்றாள்.

9 மார்ச், திங்கள்

கட்டி கெட்டதில்லை என்று முழு ரிப்போர்ட் வந்துவிட்டது. மருதமலைக்கு நடந்தே வருவதாக வேண்டியிருக்கிறேன், வெயில் தணியட்டும். யமுனா பெங்களூருக்குப் போய்விட்டாள்.

நானே சமையல். சாதம் ரெண்டு நாளாகக் குழைகிறது. அவளுக்கு அதுதான் தோதாக இருக்கிறதாம், என் மனசு நோகாமல் இருக்கச் சொல்கிறாள். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் கண்ணுக்குச் சொட்டு. கேமராக்கள் டிராயரில். டெஸ்ட் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

21 மார்ச், சனி

கடைக்குப் போய்ச் சீக்கிரம் திரும்பிவிட்டேன். கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

கோகிலா சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள். எதிரே, தண்ணீர்ச் சொம்பின் மேல் சாய்த்து வைத்த மயிலை. அதைப் பார்த்துச் சிரிக்கிறாள். வலது பக்கம் ஏறுகிறது, இடது பக்கம் அப்படியே நிற்கிறது. மறுபடியும் சிரிக்கிறாள். விரலால் இடது ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். கேமரா சும்மா உட்கார்ந்திருக்கிறது.

என்னைப் பார்த்ததும் விரலை எடுத்துவிட்டாள். "பதினஞ்சு நாளா தினமும் பார்க்கறேனுங்க. காலண்டர்ல இருந்த குழந்தைக்கெல்லாம் கிளிக்குனுச்சு. என்னைக் கண்டுக்கவே மாட்டேங்குது" என்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு இன்றைக்குத்தான் முதல் முறை அழுதாள்.

எனக்கு வந்ததே கோபம். ஆனால் கோபம் யார் மேல் என்று யோசித்தால் அது கேமராவோடு நிற்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைச் சொன்னேன். "எங்க கம்பெனில துளை அளக்கறதுக்கு ஒரு கேஜ் இருக்கு புள்ள. உள்ள போனாப் பாஸ், போகலைன்னா ரிஜெக்ட். ஒரு தடவை ஒரே நாள்ல நானூறு பீஸை ரிஜெக்ட் பண்ணிட்டேன். அப்புறம் பார்த்தா கேஜ்தான் அடிபட்டு ஓரம் தடிச்சிருந்துச்சு. பீஸெல்லாம் நல்ல பீஸு. இது அந்தக் கேஜ். இதுக்குச் சிரிப்புன்னா ரெண்டு ஓரமும் ஒரே மாதிரி ஏறணும், அவ்வளவுதான் தெரியும்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "அப்ப ஊட்டியில?"

"அன்னைக்குக் கேஜ் நானு" என்றேன்.

22 மார்ச், ஞாயிறு

யமுனா வந்து போனாள். மயிலையைக் கொடுத்தனுப்பினேன். கம்பெனியில் மேடையில் கொடுத்ததாயிற்றே, அதை வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். நான் கேட்கவில்லை. நல்ல கேமராதான், மெல்லியது, பளபளப்பானது, சின்னஞ்சிறுசுகளுக்குப் பொருத்தம்.

ரிப்போர்ட்டில் காரணம் எழுத வேண்டும். தயாராக 3.1 செகண்ட் ஆகிறது, வெயிலில் திரை தெரியவில்லை, நிறம் சரியில்லை என்று எழுதினேன். போதும்.

5 ஏப்ரல், ஞாயிறு

இடது கண் முக்கால்வாசி மூடுகிறது. சொட்டு மருந்து இனி நாளுக்கு மூன்று தரம்தான். டாக்டரம்மா நல்ல அறிகுறி என்றார். வாய்ப் பக்கம் மெதுவாகத்தான் வரும், முன்னே மாதிரி முழுசாக வருமென்று இப்போது சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

12 ஏப்ரல், ஞாயிறு

நேற்று நானே மாவாட்டினேன். முதல் முறை. கனத்தைத் தூக்கக்கூடாது என்று அவளைக் கிரைண்டர் பக்கமே விடுவதில்லை. காலையில் மாவு எவ்வளவு பொங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளத் தோன்றியது. வெர்னியரின் பின்னால் ஆழம் பார்க்கிற கம்பி ஒன்று வரும். அதை மாவு இருந்த போசிக்குள் விட்டு அளவு படிக்கக் குனிந்தேன். மூக்குக்கண்ணாடி வழுக்கியது, அதைப் பிடிக்கப் போய்க் கையை விட்டேன். முப்பது வருஷமாக யார் கையிலும் கொடுக்காமல், எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்த வெர்னியர், நின்றபடியே இட்லி மாவுக்குள் இறங்கியது. கண்ணாடியும் பின்னாலேயே போனது.

"என்னங்க தேடறீங்க?" என்று கோகிலா வந்து நின்றாள். முழங்கை வரை மாவுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன்.

"அளவெடுத்துட்டு இருக்கேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு தோளால், பிறகு மொத்தமாக. வலது பக்கம் மேலே ஏறியது. இடது பக்கம் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஓரத்தில் மட்டும், ஒரு நூல் அளவு, அதுவும் ஏறியது. என் கண்ணில் கண்ணாடி இல்லை, ஆனால் பார்த்தேன். செவலை ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. மாவு இல்லாத கையால் எடுத்தேன். 1.6 செகண்ட்.

அவள் கை வாய்க்குப் போக எழுந்தது. பாதி வழியில் நின்றது. என்னைப் பார்த்தாள். கையைக் கீழே இறக்கினாள்.

அமுக்கினேன்.

இட்லி நன்றாக வந்தது. கண்ணாடியும் கிடைத்துவிட்டது.

13 ஏப்ரல், திங்கள்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கலர் லேபுக்குப் போய்ப் பிரிண்ட் போட்டேன். அங்கே இருந்த பெண், "சார், இது ஷேக் ஆகியிருக்கு, வேற நல்லதாப் பார்த்துப் போடலாமே" என்றாள். இதுதான் வேண்டும் என்றேன். பெரிதாகவே போடச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போய் வெகுநேரம் பார்த்தாள். "கோணையாத்தான் இருக்குது" என்றாள். "ஆனா நான்தான்." பிறகு என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி நீட்டினாள். "எழுதுங்க. பின்னாடி எழுதாம உங்களுக்குச் சோறு எறங்காதே."

மேஜையில் கவிழ்த்து வைத்து எழுதினேன்.

"வீடு, 12-4-2009. வெளிச்சம் குறைவு. ஆடியிருக்கிறது. இடது மூலையில் விரல். கோகிலா – பல் தெரிகிறது. பாஸ்."

வாங்கிப் படித்தாள். ரெண்டு தரம் படித்தாள் என்று நினைக்கிறேன். பீரோவைத் திறந்து, பட்டுச்சேலைகளுக்கு அடியிலிருந்து ஊட்டிப் படத்தை எடுத்தாள். ரெண்டையும் ஒன்றாகச் சேர்த்து அங்கேயே வைக்கப் போனவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து, டிவி மேல் பக்கத்தில் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். நாளைக்குச் சட்டம் போட வேண்டும்.